முதலில் கூரை, பிறகு சூரியன்

ஞாயிற்றுக்கிழமை காலைப் பசியாறல் முடிந்திருந்தது. சாப்பாட்டு மேசையில் மூன்று விலைப்பட்டியல்களைப் பரப்பி வைத்துக்கொண்டு நானும் மனைவியும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். மூன்றும் எங்கள் ரவாங் வீட்டுக் கூரையில் சோலார் பொருத்தித் தருவதற்காக வந்தவை. மாமனார் எதிரில் உட்கார்ந்து கோப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார். எங்கள் கணக்கு முடியும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு கேட்டார்.

"கூரைக்கு மேல என்ன வைக்கப் போறீங்கன்னு சொல்லிட்டீங்க மாப்பிள்ளை. கூரைக்குக் கீழ என்ன இருக்குன்னு பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. இந்த வீட்டுக்குக் குடிவந்து பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. மாடி சீலிங்கில் ஆள் ஏறுவதற்கென்று ஒரு சதுர மூடி இருக்கிறது. அதை நான் ஒருநாளும் திறந்ததில்லை.

"ஏணியக் கொண்டாங்க" என்றார். வயது எழுபத்திரண்டு. முப்பது ஆண்டுக்கு மேல் வயர்மேன் வேலை பார்த்தவர். வேண்டாம் என்றால் கேட்கமாட்டார். டார்ச் விளக்கை வாயில் கவ்விக்கொண்டு ஏறிவிட்டார். அரை மணி நேரம் கழித்து இறங்கியவர் என் உள்ளங்கையில் எதையோ கொட்டினார். பார்த்தால் பழுப்பு நிற மரத்தூள். கரையான்.

அவர் சொன்ன கணக்கு இது. கூரையைத் தாங்கும் மரங்களில் இரண்டைக் கரையான் தின்றிருக்கிறது. கூரை முகட்டில் ஓடுகளை ஒட்டிய சிமெண்டுப் பூச்சு வெடித்து, நாலைந்து இடத்தில் வெளிச்சம் தெரிகிறது. எலி கடித்த மின் வயர் ஒன்றை யாரோ டேப் சுற்றி விட்டுப் போயிருக்கிறார்கள்.

"இந்த மரத்து மேலயா கால் டன் எடைய ஏத்தப் போறீங்க?"

கால் டன் என்பது மிகையில்லை. விலைப்பட்டியலில் இருந்தது ஒன்பது தகடுகள். இந்த அளவுத் தகடு ஒன்று ஏறக்குறைய 27 கிலோ. அதோடு அலுமினியச் சட்டங்களும் சேரும். நல்ல கூரைக்கு இது பெரிய சுமையில்லை. எங்கள் கூரை நல்ல கூரையா என்பதுதான் கேள்வி.

இது நடந்தது 2025 மே மாதத்தில். அந்த மாதத்தைக் குறிப்பிடக் காரணம் இருக்கிறது.

ஜூன் 30 என்ற கெடு

நம் நாட்டில் வீட்டுக் கூரை மின்சாரத்தை தெனாகாவின் மின்கம்பிக்குக் கொடுத்து, அதைக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளும் திட்டம் 2016 நவம்பரில் தொடங்கியது. என்.இ.எம். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 2019 முதல் அது ஒன்றுக்கு ஒன்று என்றானது. பகலில் நீங்கள் ஒரு யூனிட் கொடுத்தால், இரவில் எடுக்கும் ஒரு யூனிட்டுக்குக் கட்டணம் இல்லை. கடைசியாக வந்த வீட்டுத் திட்டத்தில் பத்து ஆண்டுகளுக்கு இந்தச் சலுகை. அதற்கு விண்ணப்பிக்க 2025 ஜூன் 30 கடைசி நாள். ஒதுக்கீடு அதற்கு முன்பே தீர்ந்தாலும் தீரலாம்.

விலைப்பட்டியல் கொடுத்த தம்பி தினமும் வாட்ஸ்அப்பில் நினைவூட்டினார். "அண்ணே, இந்த வாரம் கையெழுத்துப் போட்டாத்தான் உண்டு. கூரையெல்லாம் பிறகு பார்த்துக்கலாம்." அவர் பொய் சொல்லவில்லை. கெடு உண்மைதான். ஆனால் அந்தப் "பிறகு" எப்போது வரும்? தகடுகளைப் பொருத்திவிட்டால், அடியில் ஓடு உடைந்தாலும் மரம் இற்றுப்போனாலும் எல்லாவற்றையும் கழற்றி இறக்கித்தான் சரிசெய்ய வேண்டும். பிறகு மறுபடி ஏற்ற வேண்டும். இரண்டு வேலைக்கும் தனிக் கூலி.

எனக்கு அவசரம். மாமனாருக்குப் பிடிவாதம். நடுவில் மனைவி. நான் திருச்சியிலிருந்து வேலைக்கு வந்து, இங்கேயே திருமணம் செய்துகொண்டவன். வீடு மனைவியின் பெயரில் இருக்கிறது. என் கடப்பிதழில் உள்ள அனுமதியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். "பாஸ் புதுப்பிக்கிறதுக்கே வரிசையில நிக்கிறவரு, இருபத்தஞ்சு வருஷத் தகட்டுக்கு அவசரப்படுறாரு" என்று சிரித்தவள், அன்று மாலை தன் முடிவைச் சொன்னாள். "இருபத்தஞ்சு வருஷம் இருக்கப் போறோம்னா முதல்ல கூரையச் சரி பண்ணுவோம்."

கெடு போனால் போகட்டும் என்று முடிவானது. எனக்குப் பல நாள் தூக்கம் வரவில்லை.

கொத்தனார் வந்த கதை

பழுது பார்க்க வந்த முதல் ஒப்பந்தக்காரர் முன்பணம் ஆயிரம் ரிங்கிட் வாங்கிக்கொண்டு போனவர்தான். இரண்டு வாரம் கைப்பேசியை எடுக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் எல்லாரிடமும் இப்படி ஒரு கதை இருக்கும். ஊரில் என்றால் அப்பாவுக்குத் தெரிந்த கொத்தனார், அவருக்குத் தெரிந்த தச்சர் என்று ஒரு சங்கிலி இருக்கும். இங்கே நமக்கு அந்தச் சங்கிலி இல்லை. கையில் கிடைத்த எண்ணை அழைக்கிறோம், கேட்ட பணத்தைக் கொடுக்கிறோம்.

மாமனார் தம் பழைய நண்பர் ஒருவரைக் கூட்டி வந்தார். பணத்தை நான்கு பங்காகப் பிரித்தார்: சாமான் வந்ததும் ஒரு பங்கு, மரம் மாற்றியதும் ஒன்று, ஓடு முடிந்ததும் ஒன்று, கடைசிப் பங்கு ஒரு பெருமழை பெய்து சீலிங் நனையாமல் இருந்த பிறகு. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். பதினொரு ஆண்டில் நான் கற்காத பாடம் இது. கடைசிப் பணத்தை மழை பார்த்துக் கொடுக்க வேண்டும்.

கரையான் மருந்து, இரண்டு மரம், நாற்பது ஓடு, முகட்டுப் பூச்சு, பழைய வயர் மாற்றம் என்று எல்லாம் சேர்த்து 6,800 ரிங்கிட் ஆனது. வேலை முடிந்தபோது ஆகஸ்டு பாதி. ஜூன் 30 எப்போதோ போய்விட்டது.

ரவாங்கின் பழைய வெளிச்சம்

அந்த நாட்களில் ஒரு மாலை, ஓட்டுக்காரர்கள் போன பிறகு, மாமனார் வாசலில் உட்கார்ந்து சொன்னார். "இந்த நாட்டுக்கே கரண்டு முதல்ல வந்தது நம்ம ரவாங்குக்குத்தான், தெரியுமா?"

எனக்குத் தெரியாது. பிறகு தேடிப் பார்த்தேன், உண்மைதான். 1894-இல் ரவாங் ஈயச் சுரங்கத்தில் மின் இயந்திரத்தை நிறுவினார்கள். மலாயாவில் மின் உற்பத்தி பற்றிய முதல் பதிவாக அதைத்தான் சொல்கிறார்கள். நிறுவிய இருவரில் ஒருவர் லோக் இயூ. மற்றவர் நம் தம்புசாமி பிள்ளை. பத்துமலைக் கோயிலையும், கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்தையும் நிறுவியவர் என்று நாம் அறிந்த அதே தம்புசாமி பிள்ளை. சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை இறைக்க மின்சாரப் பம்பைப் பயன்படுத்தியவர்கள் அவர்கள். கோலாலம்பூர் ரயில் நிலையத்தில் மின்விளக்கு எரிந்தது அதற்கு அடுத்த ஆண்டுதான்.

"ஆனா நான் வளர்ந்த தோட்டத்துல..." என்று தொடர்ந்தார் மாமனார். அவருடைய சிறுவயதில் தோட்டத்து லயங்களுக்கு நிர்வாகத்தின் ஜெனரேட்டரிலிருந்துதான் மின்சாரம். மாலையில் ஓட்டுவார்கள், இரவு பத்து மணிக்கு நிறுத்திவிடுவார்கள். பிறகு மண்ணெண்ணெய் விளக்கு. "பத்து மணிக்கு மேல படிக்கணும்னா கண்ணு எரியும். அந்த ஜெனரேட்டர் வீட்டு வாசல்லயே நின்னு பார்த்துத்தான் இந்த வேலையக் கத்துக்கிட்டேன்."

பத்து மணிக்கு அணைந்துவிடும் வெளிச்சத்தில் வளர்ந்தவர் தம் மகளின் கூரையில் மின்சாரம் உற்பத்தியாவதை வேண்டாம் என்று சொல்வாரா? அவர் தடுத்தது சோலாரை இல்லை. அவசரத்தைத்தான் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

இழந்தது எவ்வளவு?

2026 ஜனவரி முதல் தேதி புதிய திட்டம் நடப்புக்கு வந்தது. சோலார் ஏ.டி.ஏ.பி. என்று பெயர். நாங்கள் அதில் சேர்ந்தோம். வேறுபாட்டைப் புரிந்துகொள்ள, 2025 ஜூலை முதல் தேதி மாறிய மின் கட்டணத்தைப் பார்க்க வேண்டும்.

முன்பு கட்டணம் படிக்கட்டு போல உயர்ந்துகொண்டே போகும். இப்போது மாதம் 1,500 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீடுகளுக்கு, ஒரு யூனிட்டுக்கான விலையை மூன்று துண்டாகப் பிரித்திருக்கிறார்கள். மின்சக்திக்கு 27.03 சென், திறனுக்கு 4.55 சென், கம்பி வலையமைப்புக்கு 12.85 சென். கூட்டினால் 44.43 சென். மாதம் 600 யூனிட்டைத் தாண்டினால் பத்து ரிங்கிட் சில்லறைக் கட்டணமும், எரிபொருள் விலைக்கேற்ப மாறும் தொகையும் சேரும். குறைவாகப் பயன்படுத்துவோருக்குத் தனிச் சலுகையும் உண்டு.

பழைய திட்டத்தில் நாம் கொடுத்த ஒரு யூனிட், எடுத்த ஒரு யூனிட்டை முழுதாகக் கழித்தது. புதியதில் நாம் கொடுக்கும் யூனிட்டுக்கு மின்சக்தித் துண்டின் விலை, அதாவது 27.03 சென் மட்டுமே வரவு. கம்பிக்கும் திறனுக்கும் உள்ள பங்கு நமக்கு வராது. அந்த வரவும் அந்த மாத பில்லோடு சரி, அடுத்த மாதத்துக்கு நகராது. ஆக, கொடுத்துவிட்டுத் திரும்ப எடுக்கும் ஒவ்வொரு யூனிட்டிலும் 17.40 சென் போகிறது.

எங்கள் வீட்டை எடுத்துக்கொள்கிறேன். சலுகை, வரி எல்லாவற்றையும் விட்டு எளிய கணக்கு. மாதம் 620 யூனிட் பயன்பாடு. சோலார் இல்லாவிட்டால் பில் ஏறக்குறைய 285 ரிங்கிட். 5 கிலோவாட் தகடுகள் மாதம் 480 யூனிட் தருகின்றன. அதில் பகலிலேயே நாங்கள் செலவழிப்பது 210, வெளியே போவது 270. இரவில் தெனாகாவிடம் எடுப்பது 410. எடுத்ததற்கு 182 ரிங்கிட், கொடுத்ததற்கு 73 ரிங்கிட் வரவு. கட்ட வேண்டியது 109.

பழைய திட்டமாக இருந்தால் 62 ரிங்கிட்தான் வந்திருக்கும். மாதம் 47 ரிங்கிட் இழப்பு. பத்து ஆண்டுக்கு 5,640 ரிங்கிட். இதை மறைக்க முடியாது. கூரைக்குச் செலவு செய்த 6,800 எப்படியும் செய்ய வேண்டியதுதான், அதை இதோடு சேர்த்து ஆறுதல் தேடுவதும் சரியில்லை. ஆனால் கெட்ட கூரையில் ஏற்றியிருந்தால், கழற்றி மாட்டும் கூலியும், ஒழுகி நனைந்த சீலிங்கும், இடையில் உற்பத்தியில்லாமல் போகும் மாதங்களும் அந்த 5,640-ஐத் தின்றிருக்கும். தின்ற பிறகும் பசி அடங்கியிருக்காது.

பகலில் துவைப்போம்

புதிய திட்டம் ஒரு பழக்கத்தை மாற்றச் சொல்கிறது. பழையதில் எப்போது பயன்படுத்தினாலும் ஒன்றுதான், தெனாகாவின் கம்பி நமக்கு இலவச உண்டியல் போல இருந்தது. இப்போது வெயில் இருக்கும்போதே செலவழித்தால்தான் முழு லாபம்.

துணி துவைப்பது இரவு ஒன்பதிலிருந்து காலை பதினொன்றுக்கு மாறியது. வேலைக்குப் போகும் நாளில் இயந்திரத்தின் நேரப் பொத்தானை அமைத்துவிட்டுப் போகிறோம். பள்ளிச் சீருடைகளுக்கு இஸ்திரி போடுவது ஞாயிறு இரவிலிருந்து ஞாயிறு மதியத்துக்கு வந்தது. மதியம் வீட்டில் இருக்கும் மாமனார் முதலில் ஏர்கான் வேண்டாம் என்றார். "மாமா, பகல்ல போட்டா நம்ம கரண்டு" என்று சொன்னதும் ஒப்புக்கொண்டார். இரவில் 25 பாகையும் மின்விசிறியும். இப்படி 80 யூனிட்டைப் பகலுக்கு நகர்த்தியதில் மாதம் 14 ரிங்கிட் மிச்சம். பில் 95 ஆனது. 19,500 ரிங்கிட் முதலீடு எட்டரை ஆண்டில் திரும்பும். இன்வெர்ட்டர் தகடுகளின் ஆயுள் வரை வராது, இடையில் ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும் என்பதையும் மனதில் வைத்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போன மாதம் ஒரு பிற்பகல், இடியில் எங்கள் தாமான் முழுக்க மின்சாரம் போனது. மழை விட்டு வெயில் வந்தும் எங்கள் வீடும் இருட்டு. பக்கத்து வீட்டு மாக்சிக் ஆச்சரியப்பட்டார்: "சோலார் இருந்துமா?" ஆமாம். மின்கம்பியோடு இணைந்த சாதாரண சோலார், கம்பியில் மின்சாரம் போனால் தானும் நின்றுவிடும். பழுது பார்க்க வரும் ஊழியர்மீது நம் கூரை மின்சாரம் பாயக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. இருட்டிலும் எரிய வேண்டும் என்றால் பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் வேண்டும், அதன் விலை தனி. இதை விற்பனையாளர்கள் பலர் தாங்களாகச் சொல்வதில்லை. நீங்கள்தான் கேட்க வேண்டும். இடி மின்னல் அதிகமுள்ள நம் ஊரில் மின்னெழுச்சித் தடுப்பான் விலைப்பட்டியலில் சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். நிறுவனம் செடாவில் பதிவு பெற்றதா என்று பாருங்கள். தகட்டைத் தாங்கும் கொக்கி மெல்லிய ரீப்பரில் மாட்டப்படுகிறதா, அடியிலுள்ள பெரிய மரத்திலா என்றும் கேளுங்கள்.

வாடகை வீட்டில் இருக்கும் இளையவர்களுக்கு ஒரு வார்த்தை. பில் உங்களுடையது, கூரை வீட்டுக்காரருடையது. இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் இருந்துகொண்டு சோலார் கனவு காணவேண்டாம். ஏர்கானைச் சுத்தம் செய்யுங்கள். ஃபியூஸ் பெட்டியிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். உடனே விழவில்லை என்றால் வயர்மேனைக் கூப்பிடுங்கள், அது உயிர் காக்கும் பொருள். ஒழுகலைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு எழுத்தில் அனுப்புங்கள். பழுதை நீங்கள் பார்ப்பதானால், வாடகையில் கழிப்பதாக முன்பே எழுதி வாங்குங்கள். காலி செய்யும்போது வைப்புத்தொகைக்கு அதுதான் சாட்சி.

திருச்சியில் இருக்கும் அம்மாவிடமும் போனில் சொன்னேன். அங்கேயும் 2024-இல் பிரதமரின் சூரிய வீடு திட்டம் வந்து, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. நம் மொட்டை மாடியிலும் போடலாமே என்றேன். "போடலாம். வடகம் எங்க காயப் போடுறது?" என்று கேட்டார். சிரித்துவிட்டு, மாடியில் மழைத் தண்ணீர் எங்காவது தேங்குகிறதா என்று கேட்டேன். ஒரு நொடி பேச்சில்லை. "வடக்கு மூலையில கொஞ்சம் கசியுது. உனக்கு எதுக்குக் கவலைன்னு சொல்லல."

அடுத்த விடுமுறைக்குப் போகும்போது முதல் வேலை அதுதான்.

தகடு பொருத்திய பிறகு பெய்த முதல் பெருமழை இரவில், யாரோ நடக்கும் சத்தம் கேட்டு எழுந்தேன். மாமனார் டார்ச்சோடு ஏணியில் நின்று, சீலிங் மூடியைத் தள்ளி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். ஏணியைப் பிடித்துக்கொண்டேன். சிறிது நேரம் கழித்து மூடியைப் பொருத்திவிட்டு இறங்கினார்.

"காஞ்சு கிடக்கு மாப்பிள்ளை. போய்ப் படுங்க. நாளைக்கு அவருக்குக் கடைசிப் பணத்தக் கொடுத்திடலாம்."

"அதுதான் போன செப்டம்பர்லயே கொடுத்தாச்சே மாமா."

"ஓ" என்றார். "அப்ப அவருக்கு ஒரு நன்றி சொல்லிடுங்க."